எட்டாத ஒயர்கள்

திங்கட்கிழமை, காலை 6.10.

விமானத்தின் வயிற்றுக்குள் மண்டியிட்டிருந்த வீப்கே ஓல்ட்மன்ஸ், பின்பாகத்திலிருந்து வந்த ஒயர் கட்டை முன்பாகத்தின் இணைப்பானை நோக்கி இழுத்தாள். அரை மீட்டர் இடைவெளி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள். ஒயர் விறைத்ததே தவிர எட்டவில்லை.

"ஹௌகே! இங்க வா. இது எட்டல."

ஃபோர்மன் ஹௌகே டீட்யென் ஊர்ந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். இருபது வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"தொடாத. அப்படியே விடு. தரச் சோதனைக்குச் சொல்லிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அவசரமாக இறங்கிப் போனான்.

ஹாம்பர்க்கில், எல்பே ஆற்றின் தென்கரையில் இருக்கிறது நோர்ட்விங் தொழிற்சாலை. முந்நூறு பேர் உட்காரும் இந்த விமானம் அங்கே ஏற்கெனவே பதினெட்டு மாதம் தாமதம். முதலில் இறக்கையின் ஆணிகள் சொதப்பின. பிறகு கதவுகள். பிறகு இருக்கைகள் வரவில்லை, வந்தபோது நிறம் சரியில்லை. ஜூன் முப்பதுக்குள் வந்து சேராவிட்டால் விமானமே வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள். இப்போது மே மாதத்தின் நடுப்பகுதி.

காலை 6.40.

ஆல்முட் ரிக்லெஃப்ஸ் வந்தாள். தரச் சோதனை அதிகாரி, வயது ஐம்பத்தெட்டு. ஒரு கையில் டீ ஃப்ளாஸ்க், இன்னொரு கையில் எஃகு அளவு நாடா. ஓடுகிற வேலையை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவளை யாருக்குப் பிடிக்கும்? அவளும் யாருக்கும் பிடிக்க வேண்டும் என்று வேலைக்கு வரவில்லை.

"மோயின்," என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொன்னாள். "எத்தனை கட்டு பாத்தீங்க?"

"இது ஒண்ணுதான்," என்றாள் வீப்கே. "மத்த பதிமூணும் தரைப் பலகைக்கு அடியில. சனி ஞாயிறு ஆளுங்க கட்டையெல்லாம் போட்டு மூடிட்டாங்க, இணைக்கறதுதான் பாக்கி."

"பலகையத் தெறக்கச் சொல்லு."

ஏழேகாலுக்குத் திறக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கட்டையும் ஆல்முட்டே படுத்து அளந்தாள். பதினான்கும் குறைவு.

காலை 8.50.

தொழிற்சாலைத் தலைவர் டாக்டர் ரீமர்ஸ் டை காற்றில் பறக்க வந்து சேர்ந்தார். ஆல்முட்டின் குறிப்பேட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். பதினெட்டு மீட்டர் கட்டில் ஐம்பத்து நாலு சென்டிமீட்டர் குறைவு. ஆறு மீட்டர் கட்டில் பதினெட்டு. இரண்டு மீட்டர் கட்டில் ஆறு.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி குறையுது. இஷ்டத்துக்கு வெட்டியிருக்காங்க! பதினாலு கட்டும் யார் செஞ்சது?"

"வீப்கே."

"நெனச்சேன். புதன்கிழமை கேன்டீன்ல என்ன கத்தினா தெரியுமா? மூணாவது தடவையா லீவு குடுக்கலன்னு, 'இந்த விமானம் எப்படிப் பறக்குதுன்னு நானும் பாக்கறேன்'னா. எறநூறு பேர் கேட்டிருக்காங்க."

"அவளேதான் இன்னிக்கு மொதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னா, டாக்டர்."

"நடிப்பு! ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுறப்போ வேலைநீக்கக் கடிதத்துல கையெழுத்து போடறேன். அப்புறம் போலீஸ் பாத்துக்கும். இந்த எடத்துல ஹௌகே ஒருத்தன்தான் வேலைன்னா என்னன்னு தெரிஞ்சவன். ஆறரைக்குள்ள பதினாலு கட்டுக்கும் புது ஒயர் கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு அனுப்பிட்டான்."

"ரெண்டு மணி வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு, இல்ல?"

"எதுக்கு?"

ஆல்முட் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கும் பொருந்தும்.

காலை 9.30.

தொழிற்சாலைக் காவல் அறையில் வீப்கே உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைப் பறித்திருந்தார்கள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை.

"போலீஸ் வருதாமே?"

"அது அப்புறம். ஒயரை எப்படி வெட்டின?"

"எப்பவும் போலத்தான். மரப் பலகையில முழு அளவு வரைபடம் ஒட்டியிருக்கும். கோட்டு மேல ஒயரை வெச்சு, கோடு முடியற எடத்துல வெட்டுவேன். இருபது வருஷமா அப்படித்தான்."

"நாடா வெச்சு அளக்க மாட்டியா?"

"நான் எதுக்கு அளக்கணும்? வரைபடம் ஒட்டறவங்க மூலையில இருக்கற அளவுக்கோட்ட அளந்து, பத்து சென்டிமீட்டர் சரியா இருந்தா பக்கத்துல கையெழுத்து போடணும். அதான் விதி."

"கையெழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு. பழசு கிழிஞ்சுபோய், போன திங்கக்கிழமை புதுசு ஒட்டியிருந்தாங்க. யார் கையெழுத்துன்னு உத்துப் பாக்கல. கையெழுத்து இருக்கா, அவ்ளோதான்."

"கடைசியா எப்போ பாத்த?"

"புதன்கிழமை சாயங்காலம். வேலைய முடிச்சுப் பூட்டிட்டுப் போனேன். வியாழன் பண்டிகை. வெள்ளி பாலம் லீவு. யாருமே இல்ல."

விடுமுறைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை நாளைப் பாலமாக்கி லீவு போடுவது இந்த ஊரில் வேதம். அன்றைக்குத் தொழிற்சாலையில் பூனை கூட நடக்காது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட, ஹௌகேகிட்ட, டாக்டர்கிட்ட. ஆல்முட், நான் வெட்டினது கோட்டு மேலதான். நம்பறியா?"

"நம்பறதுக்கு எனக்குச் சம்பளம் கெடையாது. அளந்துட்டு வரேன்."

காலை 10.15.

ஒயர் கூடத்தில் பலகை இருபது மீட்டர் நீளத்துக்குக் கிடந்தது. அதன் மேல் ஒட்டிய வரைபடத்தைச் சுற்றி அழகான வெள்ளை ஓரம். ஆல்முட் பக்கத்துப் பலகைகளைப் பார்த்தாள். அவற்றில் ஓரமே இல்லை, கோடுகள் தாளின் விளிம்புவரை ஓடின. திரும்பி வந்து 6000 என்று அச்சிட்டிருந்த ஒரு கோட்டை நாடாவால் அளந்தாள். மில்லிமீட்டர் கணக்கில் 5820 வந்தது. இன்னொரு முறை அளந்தாள். 5820.

குறிப்பேட்டைத் திறந்தாள். பதினெட்டு மீட்டருக்கு ஐம்பத்து நாலு, ஆறுக்குப் பதினெட்டு, இரண்டுக்கு ஆறு. எல்லாமே நூற்றுக்கு மூன்று. எவளும் கோபத்தில் கணக்குப் போட்டு வெட்டமாட்டாள்.

தாளுக்குள் அடங்க வேண்டும் என்று அச்சு இயந்திரம் படத்தையே சுருக்கியிருக்கிறது. அதுவரை வெறும் பிழை. ஆனால் வலது கீழ் மூலையைப் பார்த்தபோது ஆல்முட்டுக்குக் கோபம் வந்தது. அளவுக்கோடும் கையெழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் தாளே இல்லை. கத்தியால் நேர்த்தியாக வெட்டி எடுத்திருந்தார்கள். அடியில் மரம் தெரிந்தது.

காலை 11.30.

ஸ்டோர் பொறுப்பாளர் எர்கூன் அக்தாஷ் எள் தூவிய துருக்கிய சிமித் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சீட்டுகளின் கோப்பைப் புரட்டினான்.

"சீட்டு இல்லாம இந்த ஊர்ல மூச்சு கூட விட முடியாது. இந்தா, ஹௌகேயோடது. மணி முத்திரையும் இருக்கு. ஆறு இருபத்தஞ்சு. நான் சட்டைய மாத்தறதுக்குள்ள வந்து நிக்கறான், பாரேன்!"

ஆல்முட் படித்தாள். ஒயர், பதினான்கு கட்டுகளுக்கு. அதற்குக் கீழே கடைசி வரி: பலகைக்கு முழு அளவு வரைபடம், புதியது, ஒன்று.

"இத நான் எடுத்துக்கறேன்."

"சீட்ட எடுக்கவா? அதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள்.

பிற்பகல் 1.20.

ரீமர்ஸின் அறை. மேசையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. ஹௌகே சன்னலோரம் நின்றான். காவலர் வீப்கேயை அழைத்து வந்து நிறுத்தினார். ஆல்முட் சுருங்கிப்போன வரைபடத்தைப் பற்றி நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ரீமர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ யாரும் சதி செய்யலையா?"

"பிழை நடந்திருக்கு. அப்புறம் ஒருத்தர் அத மறைச்சிருக்கார். மறைச்சவர் புதன் சாயங்காலத்துக்கப்புறம் சாவி போட்டுத் தெறந்து, கோட்ட அளந்து, மூலைய வெட்டியிருக்கார். ஹௌகே, நீ இன்னிக்கு ஆறு இருபத்தஞ்சுக்கு ஸ்டோர்ல இருந்த. அப்போ எத்தனை கட்டு பாத்திருந்தோம்?"

"ஒண்ணு."

"பதினாலுக்கு ஒயர் கேட்டிருக்க."

"ஒண்ணு கொறஞ்சா மத்ததும் கொறையும்னு ஒரு ஊகந்தான். நேரத்த மிச்சம் புடிக்கலாமேன்னு..."

"சரி, ஊகம். நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். கடைசி வரியப் படி."

ஹௌகே சீட்டைக் கையில் வாங்கவில்லை.

"நான் படிக்கறேன். பலகைக்குப் புது வரைபடம், ஒண்ணு. ஒயர் எட்டலன்னா ஒயர் கேக்கலாம். வரைபடம் எதுக்கு? அதுல கோளாறுன்னு நான் பலகைய அளந்தப்புறந்தான் எனக்கே தெரியும். அப்போ மணி பத்தே கால். உனக்கு நாலு மணி நேரம் முன்னாடி எப்படித் தெரிஞ்சுது?"

அண்டாவுக்குள்ளும் கை நுழையாத அவசரத்தில் எழுதிய ஒரு வரி, அவனைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டது.

"அளக்காமலே கையெழுத்து போட்டேன்," என்றான் ஹௌகே. "எல்லாரும் அவசரப்படுத்தினீங்க. வெள்ளிக்கிழமை கணக்கு முடிக்க வந்தப்போதான் அந்த வெள்ளை ஓரத்தப் பாத்தேன். அளவுக்கோட்ட அளந்தா நூறுக்குப் பதிலா தொண்ணூத்தி ஏழு மில்லி. என் கையெழுத்தோட மூலைய வெட்டி எடுத்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா?" ரீமர்ஸ் கேட்டார்.

ஆல்முட்டே பதில் சொன்னாள். "அன்னிக்குத் தரை மூடல. ரெண்டு நாள் போயிருக்கும். இப்போ எல்லாத்தையும் பிரிக்கணும். மூணு வாரம்."

ரீமர்ஸ் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். காவலரிடமிருந்து அடையாள அட்டையை வாங்கி, எழுந்து நின்று வீப்கேயிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் கொஞ்சம் தடுமாறியது, ஆனாலும் வந்துவிட்டது. பிறகு வாங்குகிறவர்களை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்.

"தாமதம்னு மட்டும் சொல்லாதீங்க, டாக்டர்," என்றாள் ஆல்முட். "ஏன்னும் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா என் அறிக்கை சொல்லும்."

அறைக்கு வெளியே வந்ததும் ஹௌகே வீப்கேயின் பின்னால் ஓடி வந்தான்.

"வீப்கே, கேளு. பதினெட்டு மாசமா தள்ளித் தள்ளிப் போவுது. என் பேரால இன்னொரு தாமதம் வரக் கூடாதுன்னுதான்..."

"அதனால என் பேரால வரட்டும்னு விட்டுட்ட."

வீப்கே நடையை நிறுத்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா, நாலு திட்டு திட்டிட்டு வந்து நின்னிருப்பேன்டா. ரெண்டு பேருமா கழட்டியிருப்போம். பாலம் லீவாவது மண்ணாவது."

அடையாள அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வீப்கே ஒயர் கூடத்தை நோக்கி நடந்தாள். ஜூன் முப்பதுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பதினான்கு கட்டையும் மறுபடி அவள்தான் செய்தாக வேண்டும்.