'பழசு' என்று எழுதக் கூடாது

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் எந்தக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகினாலும் மூன்று நிமிடத்தில் கசிவுகாணி இயந்திரம் வந்து நிற்கும். உள்ளே கதிரை விட்டுப் பார்க்கும், உட்சுவரைச் சுரண்டிச் சோதிக்கும், காரணத்தை எழுதும். 'பழசாகிவிட்டது' என்று மட்டும் எழுதக் கூடாது. அந்த விதியைப் போட்டவள் தலைமைக் குழாய்ப் பொறியாளர் பொற்கொடி, வயது ஐம்பத்து மூன்று.

அவளுக்கே ஏழு மாதமாக உதிரப்போக்கு. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தவளுக்கு மறுபடி தொடங்கியிருந்தது. மருத்துவ இயந்திரமான நலம்காணியிடம் மூன்று முறை போனாள்.

"இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் கணவன் சேந்தனிடமும் சொன்னாள். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தானா சரியாப் போயிடும்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருநாள் வேலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். வந்த ஆத்திரத்தில் குழாய்ப் புகார்ப் படிவத்தைத் திறந்து, 'உட்சுவர்க் கசிவு, ஏழு மாதம்' என்று நிரப்பி அனுப்பினாள்.

கசிவுகாணி வந்துவிட்டது. "குழாய் எங்கம்மா?"

"நான்தான்."

அது சிரிக்கவில்லை. மருத்துவ நூலகத்தைத் திறந்து ஒரு நொடியில் படித்தது. "எவ்வளவு போகுது? கட்டி கட்டியாப் போகுதா? நடுவுல நின்னுச்சா?"

ஏழு மாதத்தில் அந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை. பொற்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. கசிவுகாணி அவள் வயிற்றுக்குள் கதிரை விட்டுப் பார்த்தது.

"உட்சுவர் தடிச்சிருக்கு. சாதாரணச் சதை வளர்ச்சியா இருக்கலாம், ஹார்மோன் கோளாறா இருக்கலாம், புற்றாவும் இருக்கலாம். சுரண்டிப் பாக்காம எழுத மாட்டேன்" என்றது கசிவுகாணி. ஆய்வகத்துக்கும் அதுவே சீட்டு அனுப்பியது.

புற்றுதான். கருப்பையைத் தாண்டிவிட்டிருந்தது.

ஆய்வக முடிவை எடுத்துக்கொண்டு நேராக நலம்காணியிடம் போனாள். "இதெல்லாம் உனக்குத் தெரியாதா?"

"எல்லாக் காரணமும் தெரியும்மா. ஆனா நான் படிச்சது பூமியில மனுஷ டாக்டருங்க எழுதி வச்ச சீட்டுங்க. ஐம்பது தாண்டின பொம்பளைன்னா அதுல 'வயசு'ன்னுதான் நிறைய எழுதியிருந்தாங்க. கசிவுகாணி குழாய்ங்களப் பாத்துப் படிச்சது."

செய்தி கேட்டுச் சேந்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்கலங்க, நிஜமான வருத்தத்தோடு கேட்டான்:

"ஏழு மாசமா? ஏன் பொற்கொடி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"