தேரிக்காட்டில் வண்டிக்கு விரித்த பந்தி

"சாயங்காலத்துக்குள்ள வண்டி இங்க வந்து நிக்கணும். ஒரு கீறல் விழுந்தாலும் வண்டி உங்க தலையிலதான், பாத்துக்கிடுங்க!" என்று சொல்லி, ஓட்டிப் பார்க்கச் சாவியை நீட்டினார் கொம்பையா அண்ணாச்சி. பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர் அவர்.

செல்வக்கனி சாவியை வாங்கும்போதே ஒரு கொட்டாவி விட்டாள். விடாமல் என்ன செய்வாள்! ராத்திரி முழுக்க ஒரு கல்யாண வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறாள். அவள்தான் சமையல் செட்டின் தலைவி. அவளுக்குப் பின்னால் செட்டு ஆட்கள் மூன்று பேரும் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். காய் வெட்டுகிற பேச்சியம்மாள், பரிமாறுகிற ராணித்தாய், அடுப்புக்காரர் சுடலை. டிரைவர் டார்வின் முகம் மட்டும்தான் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. அவனை இன்றைக்கென்று கூலிக்குப் பிடித்திருந்தார்கள்.

வண்டி என்னவோ வாட்டசாட்டமாகத்தான் நின்றது. பெரிய பிக்கப். முன்பாதி கார் மாதிரி நாலு கதவு, ஐந்து பேருக்குச் சீட்டு. பின்பாதி சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. ஆனால் பார்வைக்கு நன்றாக இருப்பதை வைத்து என்ன செய்ய?

இதுவரை அவர்கள் போனதெல்லாம் லோடு ஆட்டோவில். டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். மற்றவர்கள் அண்டா குண்டான் மேலே ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன ஐப்பசியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது பேச்சியம்மாள் கண் அசந்துவிட்டாள். கை கயிற்றை விட்டது. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதும் தார் ரோட்டில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, இன்னும் நொண்டி நொண்டித்தான் நடக்கிறாள்.

இனி ஒருத்தரும் லோடு மேல் உட்காரக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள் செல்வக்கனி. ஆளையும் பாத்திரத்தையும் சேர்த்துச் சுமக்கிற வண்டி அமைந்தால் செட்டு பிழைக்கும். அமையாவிட்டால், இவர்கள் மூன்று பேரையும் நிறுத்திவிட்டு, போகிற ஊரில் கிடைக்கிற ஆளை வைத்துச் சமைக்க வேண்டியதுதான். அதனால்தான் வண்டியைச் சும்மா கடைத்தெருவில் ஓட்டிப் பார்க்காமல் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்தாள்.

தேரிக்காடு என்றால் செம்மணல் பாலைவனம். இன்றைக்கு இங்கே இருக்கிற மேடு, ஆடிக் காற்று அடித்தால் அடுத்த மாதம் வேறெங்கோ இருக்கும். அதற்கு நடுவில் ஒரு சாஸ்தா கோயில். அந்தச் சாமிக்கு ஒரு பெரிய செப்பு வார்ப்பு உண்டு, பொங்கிப் போடுகிற அகன்ற பாத்திரம். பங்குனி உத்திரத்துக்கு அதில் சமைத்து முடித்ததும் அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கமே இல்லை. ஈயம் பூச மட்டும்தான் அது வெளியே வரலாம். இந்த வருஷம் ஈயம் பூச வேண்டிய முறை. வார்ப்போ மணலுக்குள் போய்விட்டது! தேடப்போன டிராக்டரும் வெறுங்கையோடு திரும்பிவிட்டது. அதை எடுத்து வந்துவிட்டால் வண்டிக்கு அதைவிடப் பெரிய பரீட்சை வேண்டாம் என்பது செல்வக்கனியின் கணக்கு.

"சாமானையெல்லாம் வீட்டுல எறக்கிட்டுப் போவோம் யக்கா. மணல்ல பாரம் ஆகாது" என்றான் டார்வின், கல்யாண வீட்டு அண்டா குண்டானெல்லாம் தொட்டியில் ஏறியிருந்ததைப் பார்த்து.

"வெறும் வண்டிய ஓட்டிப் பாத்து என்னத்தல தெரியும்? கல்யாணத்துக்கு ஏத்துறது அத்தனையும் கெடக்கட்டும்!"

போதாததற்கு ரெண்டு டிரம் தண்ணீர், ஒரு குண்டான் புளிச்சோறு, பந்திப்பாய்ச் சுருள்கள் எல்லாம் ஏறின. ஐந்து பேர் போகிற இடத்துக்கு ஐம்பது பேர் சாப்பாடு! சமையல்காரர்கள் புத்தி அப்படித்தான்.

கிளம்பும் நேரத்தில் பேச்சியம்மாள் பின்தொட்டியில் கால் வைத்து ஏறப் போனாள்.

"எங்களா போற? முன்னால வா!" என்று அதட்டினாள் செல்வக்கனி.

"சீட்டுலயா?" என்று கேட்டுவிட்டு, சேலையைத் தட்டிவிட்டு, சீட்டு நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் பேச்சி. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

தார் ரோடு முடிந்து, வண்டித்தடம் முடிந்து, செம்மணல் தொடங்கியது. முதல் மேட்டை வண்டி உறுமிக்கொண்டே ஏறியது. "கொள்ளாம், நல்ல வண்டிதான்!" என்றார் சுடலை. இரண்டாவது மேட்டில் பாதி போனதும் சக்கரம் நாலும் சுற்றின, வண்டி மட்டும் நகரவில்லை. டார்வின் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, வண்டி கீழே கீழே போனது.

"நிறுத்துல! புதைஞ்சிரும்!"

இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு வயிறு வரைக்கும் மணல். டயரில் பாதிக் காற்றை இறக்கினான் டார்வின். அசையவில்லை. சாமானையெல்லாம் இறக்கினார்கள். தூக்கமில்லாத உடம்பு, அடிக்கிற வெயில், ஒவ்வொரு அண்டாவும் மலை கனம் கனத்தது. தோசைக்கரண்டியாலும் சோற்றுச் சட்டுவத்தாலும் சக்கரத்தைச் சுற்றி மணலை வாரினார்கள். வாரிய இடத்தில் மணல் மறுபடி சரிந்தது.

ராணித்தாய் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னால ஏலாதுக்கா. இந்தச் சவத்த இங்கயே போட்டுட்டுப் போயிருவோம்."

இறக்கிப் போட்ட பந்திப்பாய்ச் சுருள் ஒன்று காற்றில் தானாக விரிந்து மேட்டில் நீளமாகக் கிடந்தது. செல்வக்கனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாயின் மேல் நடந்து பார்த்தாள். கால் புதையவில்லை!

"எந்திரிளா ராணி! பந்தி விரிக்கணும்!"

"யாருக்கு?"

"வண்டிக்கு!"

கல்யாணத்தில் எதிரும் புதிருமாக விரிப்பது போலவே இரண்டு வரிசைப் பாய், சக்கரத்தடம் பார்த்து விரித்தார்கள். சக்கரத்தின் அடியிலும் நுனியைச் செருகினார்கள். டார்வின் மெதுவாகக் கிளப்பினான். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் பாயின் மேல் ஏறியது!

"மொதப் பந்தி முடிஞ்சுது! ரெண்டாம் பந்தி விரிங்க!" என்று கத்தினாள் ராணித்தாய். பின்னால் கிடந்த பாயைப் பேச்சி சுருட்டிக் கொடுக்க, மற்ற மூன்று பேரும் முன்னால் ஓடி விரித்தார்கள். இப்படியே பந்தி மேல் பந்தியாக மேட்டு உச்சி வரை ஓடி, கடைசிப் பாயை விரித்ததும் நாலு பேரும் அதன் மேலேயே விழுந்தார்கள். சாமானைச் சுமந்து சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. சுடலைக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

கோயிலுக்குப் பக்கத்தில் வார்ப்பை அடியில் கவிழ்த்து வைத்த கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், கழுத்து வரை புதைந்து நின்றது. சுடலை அடுப்புக் கம்பியை எடுத்து மரத்தைச் சுற்றிக் குத்திக்கொண்டே வந்தார். பொதக், பொதக் என்று மணலில் இறங்கிய கம்பி ஓரிடத்தில் "ணங்!" என்றது.

"சாமி! கெடச்சிட்டு!"

எல்லோரும் விழுந்து தோண்டினார்கள். செம்பு பளபளக்கும் நேரத்தில் மேலே இருந்த மணல் சரசரவென்று இறங்கிச் செல்வக்கனியை இடுப்பு வரை மூடியது. டார்வின் அவள் கக்கத்துக்கடியில் கயிற்றைக் கட்ட, எல்லோரும் சேர்ந்து தம் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். எழுந்ததும் மறுபடி தோண்டினாள். அதே கயிற்றை வார்ப்பின் காதில் மாட்டி, வண்டியில் கட்டி இழுத்ததும் வார்ப்பு அசைந்து வந்தது. என்ன வார்ப்பு! ரெண்டு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாது.

இனிதான் உண்மையான சோதனை. அதைத் தொட்டிக்குள் இறக்கினால் பாதியில் சிக்கியது. விளிம்பு தொட்டியை விட அகலம். கவிழ்த்து, தொட்டியின் இரண்டு சுவர் மேலும் உட்கார வைத்தால் நின்றது. ஆனால் அண்டாக்களை எங்கே வைக்க? சீட்டில் ஏற்றினால் ஒருத்தருக்கு இடமில்லை.

"நீங்க நாலு பேரும் போங்க. நான் பின்னால ஏறி வார்ப்பப் புடிச்சுக்கிடுதேன்" என்றாள் பேச்சியம்மாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

செல்வக்கனிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஒரு இடுப்பு ஒடைஞ்சது பத்தாதா? நீ பின்னால ஏறுறதுக்கா நான் இந்தப் பாடு படுதேன்? சாமியே சொன்னாலும் ஒருத்தரும் பின்னால ஏறக் கூடாது!" கத்திவிட்டு அழுதுவிட்டாள்.

பேச்சி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு செல்வக்கனி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். வார்ப்பை இறக்கச் சொன்னாள். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் வாளி என்று கல்யாணம் முடிந்து அடுக்குவது போல அடுக்கித் தொட்டி நடுவில் வைத்தாள். தண்ணீரைக் கொல்லாமரத்துக்கு ஊற்றிவிட்டு டிரம்மையும் பக்கத்தில் படுக்க வைத்து, புளிச்சோற்றுக் குண்டானை மூடி அதன் ஓரமாகச் செருகினாள். கீறல் விழாமல் தொட்டிச் சுவர் மேல் சாக்கு மடித்துப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே வார்ப்பைக் கோழிக்கூடு மாதிரி கவிழ்த்துக் கயிற்றால் இறுக்கினாள். டார்வின் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. யாரும் பிடித்துக்கொள்ளத் தேவையே இல்லை!

திரும்பும்போதும் அந்த மேட்டில் பந்தி விரிக்க வேண்டியிருந்தது. பேச்சு மூச்சில்லாமல் விரித்தார்கள், சுருட்டினார்கள், ஏறி உட்கார்ந்தார்கள்.

வெயில் தாழ்ந்த நேரம். கொம்பையா கடை வாசலில் வண்டி வந்து நின்றது. டார்வின் இறங்கி நேரே டீக்கடைக்குப் போனான். அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கீறல் இல்லை. உச்சி முதல் டயர் வரை செம்மண்தான். பின்னால் இருந்த வார்ப்பைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

"ஆத்தாடி! எப்படிம்மா கொண்டு வந்தீங்க? வண்டி எப்படி? இழுவை எப்படி? ஏசி..."

"உஸ்ஸ்! மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றாள் செல்வக்கனி. "மணலுக்கு இது பெரிய சூரன்லாம் இல்ல. ரெண்டு தடவ பாய் விரிச்சுத்தான் ஏத்துனோம். அது கெடக்கட்டும், இங்க பாருங்க."

பின் சீட்டைக் காட்டினாள். சுடலை கண்ணாடியில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ராணித்தாய் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நடுவில் பேச்சியம்மாள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, எதையும் பிடிக்காமல் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, அசந்து தூங்கினாள்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில இவ நிம்மதியாத் தூங்கி இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்றாள் செல்வக்கனி. "வண்டி எங்களுக்குத்தான். நீங்க பேப்பரை எழுதுங்க. அதுக்குள்ள நானும் செத்த..."

சொல்லி முடிக்கவில்லை. முன் சீட்டில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அண்ணாச்சி சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, கடைப்பையன்கள் பக்கம் திரும்பி, ரேடியோவை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.