தொட்டி ஷாட்

ஷாட் முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. சண்டை நடிகை சுக்-யீ தொட்டித் தண்ணீருக்கடியில் பிணமாகக் கிடப்பாள், அடுத்த கணம் துறைமுகக் காட்சி வரும். அப்படித்தான் டைரக்டர் மாக் வெட்டியிருந்தார். இப்போது அவள் இன்னும் கிடந்தாள். பின்பக்க ஸ்பீக்கர்களில் தண்ணீர் மெல்லத் தளும்பும் சத்தம், ஏசிக் குளிரோடு கலந்து வரும் குளோரின் நெடி, குவுன் டொங் கட்டடத்தின் அந்தச் சின்னத் திரையரங்கில் அவரைத் தவிர யாருமே உட்காராத சிவப்பு இருக்கைகள்.

மைக்கில் அ-ஷிங்கைத் திட்டினார். ஹாங்காங் தியேட்டர்களுக்குப் போகும் டிஜிட்டல் பிரதியைத் தயாரிப்பவன், கண்ணாடிக்கு அப்பால் இயந்திர அறையில் இருந்தான். நீங்கள் கொடுத்ததை அப்படியேதான் பிரதியாக்கினேன், ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லை என்று சாதித்தான். பார்த்துச் சரி என்றால் பூட்டிவிடலாம், பூட்டிய பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது என்றான்.

மறுபடி ஓட்டச் சொன்னார். இந்த முறை அவள் கண் திறந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிணமா நடிச்சவங்க ஷாட் முடிஞ்சதும் சிரிப்பாங்களே, எமனை ஏமாத்த. அதை வெட்ட மறந்துட்டீங்களா டைரக்டரே?" என்றான் அ-ஷிங்.

அப்படி ஒரு சிரிப்பை யாரும் படமெடுக்கவே இல்லை. அன்று அவள் எழவே இல்லை. அவள் கையை உதறித் தவித்தது நடிப்பல்ல என்று மாக்குக்கு நன்றாகத் தெரிந்தது. ஷாட் அத்தனை அழகாக வந்துகொண்டிருந்ததால் 'கட்' சொல்லாமல் நின்றார். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போலீசிடம் சொன்னவரும் அவர்தான். அந்த டேக்கையே படத்திலும் வைத்தார், பாவி.

"நிறுத்துடா."

"நிறுத்தித்தான் வச்சிருக்கேன்."

படம் ஓடியது. அவள் தொட்டியை விட்டு எழுந்து வெளியே போனாள். தொட்டி காலி. நெடி நெருங்கியது. அவர் ஷூவுக்குள் ஈரம். முழங்காலில். மார்பில். கத்த வாயைத் திறந்தார்.

தண்ணீர்.

எங்கோ தொலைவில் அ-ஷிங்கின் குரல். "அட, தொட்டிக்குள்ள நீங்களா? சொல்லவே இல்லையே. ரொம்ப நிஜமா இருக்கு டைரக்டரே. பூட்டிடறேன்."

தண்ணீரின் ஊடே எதிரில் சிவப்பு இருக்கைகள் தெரிந்தன. வரிசை வரிசையாக. நடுவில், அவர் இருக்கையில், முடி சொட்டச் சொட்ட சுக்-யீ.

கையை உதறினார். மறுபடி உதறினார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கட் சொல்லவில்லை.