நிற்காத பேரிங்

கரண்ட் போனது. 2008-இல் ஓசூரில் மத்தியானம் தவறாமல் போகும். மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. ஒரு வாரமாக, பேரிங் போய்விட்டது என்று மாரிமுத்து திட்டிக்கொண்டிருந்த அந்தக் கரகரப்பு மட்டும் நிற்கவில்லை.

தென்காசிக்காரன், சிப்காட் தொழிற்பேட்டையில் பதினாறு வருஷமாக ஃபிட்டர். ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். இந்தச் சத்தம் மூலையில் சாக்கின்மேல் படுத்திருந்த அவன் நாய் சிங்கனிடமிருந்து வந்தது.

சிங்கனுக்குப் பதினோரு வயது. நாலு மாதமாக வலது முன்னங்கால் தரையில் பாவுவதில்லை; தோள் சதை வற்றி, பாதம் மடங்கி, நகம் சிமெண்ட் தரையை உரசிக்கொண்டே போகும். நரம்பில் முளைத்த புற்றுக்கட்டி கழுத்துத் தண்டுவடத்துக்குள் இறங்கிவிட்டது, ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை அனுப்பிவிடலாம் என்றார் பெங்களூர் டாக்டர். மாரிமுத்து சண்டை போட்டுத் தூக்கி வந்துவிட்டான்.

"இன்னைக்காவது டாக்டர கூப்பிடுங்க," அடுப்படியிலிருந்து மனைவி பொற்கொடி சொன்னாள். "அது படுற பாட்டப் பாக்க முடியல."

"சும்மா கெட. நான் அனுப்ப மாட்டேன்."

வெயிலில் கூரைத் தகடு படபடக்க, மருந்து நெடியும் நாய் முடியின் புளித்த வாடையும் தொண்டையில் கரிக்க, ஸ்குரூ டிரைவரின் நுனியில் துணி சுற்றி, நோகாமல் சிங்கனின் கழுத்தில் வைத்துக் காதைக் கொடுத்தான்.

எண்ணெய் வற்றிய பேரிங். உள்ளே ஏதோ கடித்துக் கடித்துச் சுற்றியது. தோளில் வைத்தான். முதுகில் வைத்தான். வைத்த இடமெல்லாம் அது வந்து நின்றது. பயந்தான். அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"எவன்லே நீ? எம் புள்ளைய விட்டு எறங்கு! உங்கூடயும் அனுப்ப மாட்டேன்."

சத்தம் நின்றது.

சிங்கனின் நெஞ்சில் கை வைத்தான். மூச்சு இல்லை. உடம்பு விறைத்துச் சில்லிட்டிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து மாரிமுத்து தூங்கிய நேரத்திலேயே உயிர் போயிருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு நேரம்?

கரகரப்பு மறுபடி தொடங்கியது.

வலது கால் நீண்டது. மடங்கிய பாதம் நிமிர்ந்தது. ஊன்றியது. அந்த ஒற்றைக் காலில், தலை தொங்க, உடம்பு எழும்பியது.

"என்னங்க, யாருகிட்ட பேசுறீங்க?"

அவன் ஓடவில்லை. கழுத்துப் பட்டையை இறுகப் பிடித்தான்.

"விட மாட்டேன்லே."

அந்தக் கரகரப்பு அவன் விரல் எலும்புக்குள் ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

அவன் விடவில்லை.