பசை போடாத ரயில்

ரயில் இரண்டு விநாடி தாமதமாக வந்தது.

வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. பிளெஸ்ஸிக்குத் தெரியும். மாடியறைத் தரை முழுக்க அவளும் அண்ணன் சார்லஸும் பத்து வருஷமாகப் போட்ட தண்டவாளம் அது. குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளைச் சார்ஜாவிலிருந்து அவன் கிலோக் கணக்கில் அட்டைப் பெட்டியில் அள்ளி வருவான். எஞ்சின், பெட்டி, சக்கரம் எல்லாவற்றையும் இவள் கம்ப்யூட்டரில் வரைந்து, நிறம் பிரித்து, கட்டை கட்டையாக அழுத்திக் கட்டுவாள். எஞ்சினும் நான்கு நீலப் பெட்டிகளும் ஒரு சுற்று வர நாற்பத்தோரு விநாடி. அதில் குகைக்குள் நான்கு. இன்றைக்கு ஆறு.

பேட்டரி இறங்கியிருந்தால் சுற்று முழுக்க வேகம் குறையும். காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தாள். பொம்மைக் கீரனூர் ஸ்டேஷன் வரை அதே வேகம், வளைவில் அதே வேகம், அவர்கள் வீட்டைப் போலவே கட்டிய வெள்ளை வீட்டைத் தாண்டும்போதும் அதே வேகம். குகைக்குள் நுழைந்தால்தான் தாமதம். தண்டவாளத் துண்டுகள் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் சக்கரம் ‘டக்’ என்று சொல்லும். குகைக்குள் நான்கு துண்டு, நான்கு டக். அவள் மண்டியிட்டுக் காதைத் தாழ்த்திக் கேட்டாள்.

ஆறு.

பக்கத்து ஊர்க் குன்றாண்டார்கோவில் பாறையை மனசில் வைத்து மண்நிறக் கட்டைகளில் கட்டிய குன்றை அப்படியே தூக்கிப் பார்த்தாள். உள்ளே நான்கு துண்டுதான். திரும்ப வைத்தாள். அடுத்த சுற்றில் எட்டு.

பெரிய வெள்ளி. மணி மூன்றாகப் போகிறது. அவர்கள் ஊரான ஆவூர் முழுக்கக் கோயிலில் இருந்தது. துக்க நாள் என்று நேற்று ராத்திரியிலிருந்து கோயில் மணி அடிக்கவில்லை. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காய்ந்த சத்தம் தெருவைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. மின்விசிறி நின்று, அறையில் சூடான பிளாஸ்டிக் வாசனையும் கீழே அம்மா பாத்திரத்தில் மிச்சம் வைத்த கஞ்சியின் புளிப்பும் கலந்து அசையாமல் நின்றன.

அம்மா இன்னாசியம்மாள் கிளம்பும்போதுகூடக் குத்திவிட்டுத்தான் போனாள். “இந்த வயசுல நான் ரெண்டு பெத்துட்டேன். இவ தரையில படுத்துக்கிட்டுக் கூ-ங்குறா. புனேயோ பூனையோ, பொம்பளப் புள்ள அம்புட்டுத் தூரம் தனியா போயி என்னத்தக் கிழிக்கப் போகுது?”

பதில் சொன்னது சார்லஸ்தான். “விடும்மா. அவ இங்கிட்டே இருக்கட்டும். தல வலிக்குதாம்.” அம்மா படி இறங்கியதும் இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். “திங்கக்கிழம விடியக்காலம் திருச்சி ஜங்சன்ல ஒன்னைய ஏத்திவிடுறது ஏம் பொறுப்பு. நீ பைய எடுத்து வையி. போனைக் குடு, கீழ சார்ஜ் போட்டுத் தாரேன்.”

புனேயில் மெட்ரோ பெட்டிகள் கட்டுகிற கம்பெனி. டிசைன் பிரிவில் வேலை. இன்டர்வியூவில் அவள் காட்டியது காலேஜ் புராஜெக்டை இல்லை, இந்த ரயிலைத்தான். இந்த வீட்டில் முதல் பட்டதாரி அவள். பாஸான அன்று தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். அந்த பிளக்ஸ் இப்போது கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது, அவள் முகத்தில் எச்சத்தோடு. செவ்வாய்க்கிழமைக்குள் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. வீட்டில் அவள் பக்கம் நின்றவன் ஒருத்தன்தான்.

குகைக்குள் இப்போது பத்து டக்.

ரிமோட்டை அழுத்தி ரயிலை நிறுத்தினாள். ஸ்டேஷனுக்கு முன்னால் நின்றது. அப்போதுதான் பார்த்தாள். பிளாட்பாரத்தில் அவள் இல்லை.

வேலை உறுதியான அன்று ஒரு குட்டி ஆளுக்குச் சுடிதார் வரைந்து, கையில் சிவப்புப் பை மாட்டி, ரயிலுக்குக் காத்திருப்பதுபோல் நிறுத்தியிருந்தாள். ‘இது நானு’ என்று அண்ணனிடம் காட்டி இரண்டு பேரும் சிரித்திருந்தார்கள். பை மட்டும் பிளாட்பாரத்தில் கிடந்தது. ஆளைக் காணோம். பெட்டிக்குள் தேடினாள், தண்டவாளத்துக்கு அடியில் தேடினாள். கடைசியில் அந்த வெள்ளை வீட்டின் கூரையைக் கழற்றினாள்.

மாடியறையில் நின்றுகொண்டிருந்தது. சுவரைப் பார்த்து.

எடுக்கப் போனாள். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். காலடியில் கண்ணாடிபோல் ஏதோ உறைந்திருந்தது. மூக்கை அருகே கொண்டுபோனதும் கண் எரிந்தது. பசை.

இந்த அறையில் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பசை போடக் கூடாது. எதைக் கட்டினாலும் கழற்றலாம், கழற்றினால் வேறொன்று கட்டலாம். ஒட்டிவிட்டால் அது செத்த பொருள். சொல்லிக்கொடுத்தவனே சார்லஸ்தான். பன்னிரண்டு வயதில் உடைந்த பெட்டி ஒன்றை அவள் ஒட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டான்.

எழுந்தாள். கட்டிலுக்கடியில் கையை விட்டாள். தூசி. அங்கே கட்டி வைத்திருந்த பையைக் காணோம். சர்டிபிகேட் பைலைக் காணோம்.

கதவை இழுத்தாள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“அண்ணே!”

கதவுக்கு அந்தப் பக்கம் படியில் யாரோ உட்கார்ந்திருந்து எழுகிற சத்தம்.

“கத்தாத பாப்பா.” அதே மெதுவான குரல். “செவ்வாக்கெழம விராலிமலையிலேர்ந்து பாக்க வாராங்க. நல்ல எடம். பூ வச்சுட்டுப் போயிரட்டும். அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்.”

“நீ ஏத்திவிடுறேன்னு சொன்னியே!”

“சொன்னேன். சொல்லலைன்னா நீ நேத்தே கெளம்பியிருப்ப.”

அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. நெஞ்சுக்குள் எதையோ கழற்றி எடுத்ததுபோல் இருந்தது. அம்மா எதிர்த்து நின்றாள்; அவளோடு சண்டை போடலாம். இவன் கண்ணைச் சிமிட்டினான்.

“அதுக்குப் பொம்மையைக்கூடவா ஒட்டுவ? பசை போட்டு?”

“பசையா?” குரலில் நிஜமான குழப்பம். “நா எங்க பாப்பா பசை போட்டேன்? லீவுல வந்ததுலேர்ந்து அந்த ரயிலைத் தொடவே இல்லையே.” பிறகு, “கோயிலுக்குப் போயி சிலுவைய முத்தி செஞ்சுட்டு வந்துர்றேன். தண்ணி ஜன்னல்ல இருக்கு.”

படி இறங்கினான். கீழ்க்கதவு சாத்தியது. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

அவளுக்குப் பின்னால் ரயில் கிளம்பியது.

ரிமோட் கட்டிலில் கிடந்தது. யாரும் தொடவில்லை. ரயில் அவள் காலருகே வளைந்து குகைக்குள் போனது. டக். டக். டக். எண்ணினாள். இருபதைத் தாண்டியது. சத்தம் தூரமாகப் போனது, தரைக்கு அடியில், வீட்டுக்கும் அடியில் எங்கோ இறங்குவதுபோல். கோயில் பக்கமிருந்து மரக்கட்டைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

வெளியே வந்தது. கடைசிப் பெட்டிக்குக் கூரை இல்லை. உள்ளே வெள்ளைக் கட்டைகள் நிறைய.

அவள் அந்தக் கட்டைகளை ஏற்றவில்லை.

ரயில் வெள்ளை வீட்டுக்குப் பின்னால் ஒரு கணம் மறைந்து மறுபக்கம் வந்தது. பெட்டி காலி. குனிந்து பார்த்தாள். பொம்மை வீட்டின் மாடி ஜன்னலில் புதிதாக ஒரு வரிசைக் கட்டை.

தரையில் கிடந்த வெயில் ஒரு சாண் குறைந்தது.

திரும்பிப் பார்த்தாள். நிஜ ஜன்னல். கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே ஒரு வரிசை. வெள்ளை. பளபளப்பாக. ஒவ்வொன்றும் தலையணை அகலம். மேலே வட்ட வட்டமாகக் குமிழ்கள். தண்ணீர்ச் செம்பு அதன்மேல் சாய்ந்திருந்தது.

ஓடி எஞ்சினைத் தூக்கினாள். சக்கரம் கையிலேயே சுற்றியது. பேட்டரி மூடியைப் பிய்த்து ஆறு பேட்டரியையும் உதறினாள். சுற்றியது. கையிலிருந்து நழுவி, கவிழாமல், தண்டவாளத்தில் சரியாக விழுந்தது. போனது.

டக். டக்.

திரும்ப வந்தபோது பாரத்தோடு வந்தது.

இரண்டாவது வரிசை.

“யாராச்சும் இருக்கீங்களா!” கத்தினாள். தெருவில் யாரும் இல்லை. ஊரே மண்டியிட்டிருந்தது.

மூன்றாவது. அறை சாம்பல் நிறமானது. பசை நாற்றம் தொண்டையில் இறங்கியது. பொம்மை வீட்டு ஜன்னலில் நகத்தை விட்டாள். ஒரு கட்டைகூட அசையவில்லை. நகம் உடைந்தது. நான்காவது.

அப்போதுதான் கோபம் வந்தது. எல்லாம் சேர்ந்து வந்தது. பிளக்ஸ், பூ, போன், அந்தக் கண் சிமிட்டல். “நீ கட்டுனதா? நான் கட்டுனது!” காலைத் தூக்கி, வெறுங்காலால், அந்த வீட்டின் மேல் ஓங்கி மிதித்தாள்.

உடையவில்லை. குமிழ்கள் உள்ளங்காலில் ஏறின. வலியில் காலை இழுத்தாள்.

வரவில்லை.

ஏதோ ஈரம். குளிர்ச்சி. விரலிடுக்கில் ஏறி, உடனே இறுகியது. மறுபடி இழுத்தாள். தோல் இழுபட்டது. கால் அங்கேயே.

ரயில் நின்றது.

ஜன்னலில் ஒரே ஒரு கட்டையளவு வெளிச்சம் மிச்சம். மேல் மூலையில். அதில் சதுரமாகக் கொஞ்சம் வானம்.

“அண்ணே...”

“இருக்கேன் பாப்பா.”

குரல் வெளியேயிருந்து வந்தது. மாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்க இடமில்லை. சுவர்தான். பதினைந்தடி கீழே கோழிக்கூடு.

“ஒடையாம இருக்கட்டும்னுதான்.”

வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு கை உள்ளே வந்தது. மஞ்சள் கை. அந்தக் குட்டி ஆளின் கைபோலவே விரல்கள் இல்லை. கொக்கிபோல் வளைந்து, பிளாஸ்டிக் மினுமினுப்போடு. மணிக்கட்டில், சார்லஸ் சார்ஜாவில் வாங்கிக் கட்டியிருந்த வாட்ச், மையில் வரைந்ததாக. முள் அசையவில்லை.

அந்தக் கொக்கியில் கடைசிக் கட்டை. அடியில் பசை நூலாக ஒழுகியது.