பட்டறை வரைக்கும் ஒரு கேபிள்

காலை விடிந்ததும் அந்தத் தெருவில் பேச்சுச் சத்தம் கிளம்பிவிடும். அன்பு பொங்கி வழிகிறது என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மனைவலை என்கிற வீட்டு நெட்வொர்க்கின் ஒலிவாங்கி பதிந்திருந்தது. அதன் காதில் விழும்படி, வீட்டில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் தினமும் நாலு வார்த்தையாவது பேசியாக வேண்டும். "நல்லாத் தூங்குனீங்களா?", "கால்வலி தேவலையா?", "இன்னைக்கி என்ன கொழம்பு?" என்று கோவை கணபதிப் பக்கத்துச் சந்துகள் முழுக்க ஒரே விசாரிப்பாக இருக்கும். இதற்கு வாய்க்கணக்கு என்று பெயர். கணக்கு முடிந்ததும் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சாருமதியின் வீட்டில் அது வேறு மாதிரி நடந்தது.

"அவன் டீ குடிச்சானான்னு கேளு," என்பார் அவள் கணவர் குழந்தைவேல்.

அவள் பின்வாசலில் இறங்கி, கொய்யா மரத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட லேத் பட்டறைக்குப் போவாள். "தம்பி, டீ குடிச்சீங்களான்னு உங்கண்ணன் கேக்கறாருங்க."

கொழுந்தன் சென்னியப்பன் சுழலும் இரும்பிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். "குடிச்சாச்சுன்னு சொல்லுங்க அண்ணி. லோடு வண்டி மத்தியானம் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க."

அவள் திரும்பி நடப்பாள். குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான். ஆனாலும் ஏழு வருஷமாக அண்ணனும் தம்பியும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சென்னியப்பனுக்கு நிச்சயமாகவிருந்த பெண் வீட்டில் போய், "சின்ன வயசுல இவனுக்கு வலிப்பு வரும்" என்று குழந்தைவேல் சொல்லிவிட்டு வந்தார். மறைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பெண் வீட்டார் கையைக் கழுவிக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு அறுந்தது. தொழில் அறுந்துவிடாமல் நடுவில் நின்று இழுத்துப் பிடித்தவள் சாருமதி. இரண்டு பெரிய மனுஷர்களுக்கு நடுவே அவள் தேய்த்த செருப்புக்கு அளவில்லை.

வினை ஆடி மழையில் வந்தது. வீட்டின் பின்னறைச் சுவர் இடிந்து விழ, ராத்திரி அங்கே வந்து படுத்துக்கொண்டிருந்த சென்னியப்பன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டான். தகரக் கூரைக்குள் மனைவலையின் சிக்னல் நுழையாது. வீட்டின் காதுக்கு அவன் மெல்ல மெல்ல இல்லாதவனாகிப் போனான்.

இல்லாதவனாவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல. சாருமதி பிறப்பதற்கு முந்தைய வருஷங்களை இன்றும் போலிக்காலம் என்றுதான் சொல்வார்கள். மகனின் குரலில் அழைப்பு வரும், பேசுவது மகனாக இருக்காது. திரையில் டாக்டரின் முகம் தெரியும், அப்படியொரு டாக்டரே இருக்கமாட்டார். கைரேகை, கண், அட்டை எல்லாவற்றுக்கும் நகல் வந்த பிறகு அரசாங்கம் ஒரு முடிவு கட்டியது. ஒருவரோடு கூடவே வாழ்ந்து, அவர் பேச்சைத் தினமும் கேட்கிற வீடுதான் அவர் மெய்யாள் என்று சாட்சி சொல்ல முடியும். வீடு சொன்னால் எல்லாம் உண்டு. சொல்லாவிட்டால் ரேஷன் இல்லை, பஸ் இல்லை, மருந்துக்கடைக்காரர் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்.

சாட்சி போனவர்களைப் பொதுமனைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே பெரிய கூடத்தில், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து, கணக்குக்காகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். போனவர்கள் திரும்பி வந்து சாருமதி பார்த்ததில்லை. சென்னியப்பனுக்கு வண்டி இன்று சாயங்காலம் வரும் என்று சுவரிலிருந்து மனைவலையின் குரல் நேற்றே அறிவித்துவிட்டது. அவனுக்கு வலிப்பு இன்னும் முழுசாக விடவில்லை, இரண்டு வேளை மருந்து தப்பினால் விழுந்துவிடுவான். இது சாருமதிக்கு மட்டும் தெரியும். அண்ணன் காதுக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். பொதுமனைக் கூடத்தில் அவன் வாயில் நுரை தள்ளிக் கிடந்தால் தூக்கிவிட யார் இருப்பார்கள் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

குழந்தைவேல் காலையில் சரக்கோடு கிளம்பிப் போனதும் அவள் காரியத்தில் இறங்கினாள். முதலில் சமையலறை ஜன்னலில் சிக்னல் பெருக்கி ஒன்றை வைத்துப் பார்த்தாள். தகரத்தைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் கேபிள் இழுப்பதென்று முடிவாயிற்று. அவளும் சென்னியப்பனுமாக முற்றத்தில் வாய்க்கால் மாதிரி தோண்டினார்கள். கண்ணாடியிழைக் கேபிளைக் கறுப்பு ஓஸுக்குள் நுழைத்து, மண்ணில் புதைத்து, பட்டறைச் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே இழுத்தார்கள். லேத் மோட்டாரை விட்டுத் தள்ளி, உத்தரத்தில் சின்ன ரூட்டரை மாட்டினான் சென்னியப்பன். கொஞ்ச நேரம் சிவப்பாக முழித்துக்கொண்டிருந்த விளக்கு, பச்சையானது.

"புதிய அறை சேர்ந்தது," என்றது மனை, முதன்முதலாகப் பட்டறைக்குள்ளிருந்து. "அறை கூடியதால் பழைய ஆள்பட்டியல் செல்லாது. இதுவரை கேட்ட பேச்சையும் இனிக் கேட்கும் பேச்சையும் வைத்து இன்று மாலை புதிதாக ஆள்கணக்கு எடுக்கப்படும்."

சாருமதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பேசுங்க தம்பி, எதாச்சும் பேசுங்க! மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு அண்ணன் கேக்கச் சொன்னாரு."

"இருக்கறது போதும்னு சொல்லிருங்க அண்ணி."

"இந்தப் பேச்சு கணக்கில் வராது," என்றது மனை. "இருவரும் இங்கே இல்லாத ஒருவரோடு பேசுகிறார்கள்."

அவள் திகைத்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "செரி, நானே கேக்கறேன். பசிக்குதா தம்பி?" என்றாள்.

"புதிய அறையில் இருப்பவரோடு மனைத்தலைவர் நேரில் பேசி ஏற்க வேண்டும்."

"அவரு பேசலீன்னா?"

"மனை பிளந்ததாகக் கொள்ளப்படும். யாருக்கும் சாட்சி இராது."

சென்னியப்பன் ரூட்டரைப் பிடுங்கக் கையைத் தூக்கினான். சேர்த்த அறையை இன்று நீக்க முடியாது என்று மனை அதே குரலில் சொன்னது. அவன் கை அப்படியே நின்றது. கொழுந்தனைக் காப்பாற்றப் போய் மொத்தக் குடும்பத்தையும் வண்டிக்கு நேர்ந்துவிட்டோமே என்று சாருமதி நடுங்கிப்போனாள்.

குழந்தைவேல் வந்தபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் புது மண்ணைப் பார்த்தார், பட்டறைச் சுவரில் ஓட்டையைப் பார்த்தார். அவர் மூக்கு விடைத்தது.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க," என்று அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரே ஒரு வார்த்தைங்க. தம்பிகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுங்க. இல்லீன்னா மூணு பேருமே போகணும்."

அவர் பட்டறையைப் பார்த்தபடியே பேசினார். "என்னையக் கேக்காம என்ற முத்தத்துல எதுக்குத் தோண்டுனான்னு கேளு."

சென்னியப்பன் பட்டறை வாசலில்தான் நின்றிருந்தான். "இது எங்கப்பனோட முத்தம்னு சொல்லுங்க அண்ணி."

"போறதுன்னா மூணு பேரும் போலாம்னு சொல்லு. எவன் கால்லயும் நான் விழ மாட்டேன்னு சொல்லு."

"யாரும் விழச் சொல்லலைன்னு சொல்லுங்க!"

பழக்கதோஷம் எவ்வளவு பொல்லாதது என்றால், பத்தடி இடைவெளியில் நின்று இருவரும் கத்திக்கொண்டிருக்க, சாருமதி உண்மையிலேயே இங்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தாள். இவர் சொன்னதை அவனிடம் சொன்னாள், அவன் சொன்னதை இவரிடம் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் மனை, "கணக்கில் வராது, கணக்கில் வராது" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது நடையில், கொய்யா மரத்தடியில், அவள் நின்றுவிட்டாள். தான் இங்கே நிற்கிற வரைக்கும் இவர்கள் பேசப்போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் முன்வாசல் பக்கம் நடந்தாள்.

"அவன் என்ன சொன்னான்னு சொல்லிட்டுப் போ!" என்று பின்னால் குரல் வந்தது.

அவள் திரும்பவில்லை. கேட்டைத் திறந்து தெருவுக்குப் போய், எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் நின்றாள். மனைவலை கேட்டோடு முடிகிறது. மனையோடு பிணைந்த மணிக்கட்டுப் பட்டை ஒருமுறை அதிர்ந்து, இருண்டது. எந்த வீட்டின் காதும் கேட்காத இடத்தில், யாருடைய சேதியும் கையில் இல்லாமல் அவள் நின்றது அதுதான் முதல்முறை. பயமாக இருந்தது.

உள்ளே சத்தமே இல்லை. தெருக்கோடியில் பொதுமனையின் வெள்ளை வண்டி திரும்புவதைப் பார்த்தாள். ஓடிப்போய் இருவர் காலிலும் விழுந்துவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா அந்தப் பொண்ணு வீட்டுல பொய் சொல்லச் சொல்றியா என்னைய?" குழந்தைவேலின் குரல் கூரையைப் பிளந்துகொண்டு வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயா? என்ற வியாதிய நான் சொல்லமாட்டனா? நான் சொல்லியிருப்பேனே! நீ என்னைய மனுசனாவே மதிக்கல!"

"வலிப்புதான் சரியாப் போச்சில்ல, அப்பறமென்ன?"

"எங்க சரியாச்சு? போன மாசங்கூட லேத்துக்குப் பக்கத்துல விழுந்து கிடந்தேன்!"

அதன் பிறகு கேட்டது பேச்சு மாதிரி இல்லை. வளர்ந்த ஆண் ஒருவர் அழுகிற சத்தம். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேராகவும் இருக்கலாம். சாருமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். ஏழு வருஷம் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி தோள் லேசாயிற்று.

வண்டி கேட்டருகே நின்றது. ஆள்கணக்கு எடுக்க அதிலிருந்து இறங்கிய ஃபர்சானா சின்னப் பெண், களைத்த முகம். கருவியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துவிட்டு முகம் மலர்ந்தாள். "வந்த வேலை மிச்சம். சென்னியப்பன் மெய்யாள், குழந்தைவேல் மெய்யாள். ரெண்டு பேருக்கும் சாட்சி சுத்தமா இருக்கு. நீங்க எந்த வீடுங்கக்கா?"

"இந்த வீடுதான். நான் சாருமதி. அவரோட சம்சாரம்."

ஃபர்சானா திரையைத் தடவினாள். மேலே போனாள், கீழே வந்தாள். புருவம் நெரிந்தது. "உங்க பேரு இருக்குதுங்க. ஆனா ஆள் வரிசையில இல்லை."

திரையைத் திருப்பிக் காட்டினாள். சாருமதி என்ற பெயருக்கு நேரே, ரூட்டருக்கும் கேபிளுக்கும் கீழே, 'இணைப்புச் சாதனம்' என்று எழுதியிருந்தது.

"இதுல என்னமோ தப்பிருக்கும்மா. இந்த வீட்டுல அதிகமாப் பேசறதே நாந்தான்."

"நீங்க பேசுனது நெறையா இருக்குதுங்க. உங்ககிட்டப் பேசுனதுதான் இல்லை." அந்தப் பெண்ணுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "பூராப் பேச்சும் அவன்கிட்டக் கேளு, அவர்கிட்டச் சொல்லுங்க, அதைக் குடு, இதை எடுன்னே இருக்கு. உங்களுக்குன்னு யாரும் ஒண்ணும் பேசலைங்கக்கா. பழைய பட்டியல் இருந்த வரைக்கும் கல்யாணப் பதிவு காப்பாத்தீருக்கு."

அப்படி இருக்காது என்று அடித்துப் பேச ஒரு காலை, ஒரு மாலை, ஒரு பண்டிகை நாளையாவது சாருமதி தேடினாள். கிடைக்கவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது.

சத்தம் கேட்டு அண்ணனும் தம்பியும் வாசலுக்கு வந்தார்கள். குழந்தைவேலின் கை தம்பியின் தோள்மேல் கிடந்தது. ஃபர்சானா விஷயத்தைச் சொன்னதும் இருவர் முகத்திலும் ரத்தம் வற்றியது.

"பெருசா ஒண்ணும் வேண்டாங்க," என்றாள் ஃபர்சானா. "மனைத்தலைவர் இவங்ககிட்ட, இவங்களுக்குன்னு ஒரு வார்த்தை பேசட்டும். நான் மாத்திக்கறேன். இல்லீன்னா நான் இவங்களை ஏத்தித்தான் ஆகணும்."

குழந்தைவேல் கேட் வரைக்கும் வந்தார். மனைவியைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் பதைப்பு நன்றாகவே தெரிந்தது. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"டே சென்னி, அண்ணிய உள்ள வரச் சொல்லுடா."

கருவியில் ஒன்றும் மாறவில்லை. சென்னியப்பன் அவசரமாக முன்னால் வந்தான். "அண்ணி, அண்ணன் உங்களை உள்ள..."

"நீங்க சும்மா இருங்க தம்பி," என்றாள் சாருமதி. "அவரே சொல்லட்டும்."

அவள் கேட்டுக்கு வெளியே, திறந்திருந்த வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஃபர்சானா கருவியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் காத்திருந்தாள். குழந்தைவேல் வாயைத் திறந்தார். அவளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.