கமிஷனர் பார்த்துவிட்டுப் போன கதவு

வாய்தா நாள் என்றால் தையல்காரர் வீட்டில் விடியும்போதே இடி இடிக்கும். அன்று இடிக்கவில்லை. மனிதர் சீட்டியடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார். அதுதான் அவர் மனைவிக்குச் சரியாகப் படவில்லை.

வீடு தையல்காரருக்கும் அவர் தம்பிக்கும் பொது. தம்பி பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டபோது அண்ணனுக்காக வாதாட வந்த, கன்னங்கரேலென்று மீசை வைத்திருந்த வக்கீல், மீசை நரைத்து, சாயம் பூசி, சாயமும் வெளுத்து, கறுப்புக் கோட்டை மகனிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆரம்பத்தில் கோர்ட் அனுப்பிய கமிஷனர் ஒருவர் வீட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். தீர்ப்பு வரும்வரை எல்லாம் உள்ளபடியே இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. விற்காதே, இடிக்காதே என்பதுதான் அதற்கு அர்த்தம். தையல்காரரோ கமிஷனர் வந்த அன்று கூடத்தில் குறுக்கே கிடந்த ஏணியைக்கூட நகர்த்த விடவில்லை. அதைச் சுற்றிச் சுற்றியே அவர் மனைவி உலகத்தை இரண்டு முறை வலம் வந்திருப்பாள்.

ஏணியாவது பரவாயில்லை. வீட்டின் இரண்டு பாதிக்கும் இடையே இருந்த நடுக்கதவும் அன்று தாழிட்டிருந்தது, அதனால் தாழிட்டே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கொழுந்தன், ரேடியோ மெக்கானிக், தனியாள். தாயில்லாத அந்தப் பிள்ளையை அரை டிராயர் வயதிலிருந்து வளர்த்தவள் இவள்தான். அவன் மனம் வாடிவிடுமென்று தனக்கென்று ஒரு பிள்ளைகூட வேண்டாமென்று இருந்துவிட்டாள். அவனோ, கதவைத் தாழிட்டது அண்ணிதான் என்று நம்பி, தெருவில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்களே என்று அந்தப் பழியை அவளும் வாய் திறக்காமல் சுமந்தாள்.

இரண்டு நாளாகச் சுவருக்கு அப்பால் ஒரே இருமல்.

“அவன் இன்னிக்கு எழுந்திரிக்க மாட்டான்டி. வக்கீல் வேணாம்னு தானே வாதாடுற புத்திசாலியாச்சே. போட்டவன் வரலைன்னா கேஸ் தள்ளுபடி. வீடு பூரா நமக்கு.”

“அவன் உங்க தம்பிங்க… உடம்பு சரியில்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.”

“நல்லாயிருக்கே! கதவுல கை வச்சே, கேஸ் போச்சு. ஆமா.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. இருமலும் நின்றது. கூப்பிட்டாள், பதிலில்லை. அவனுடைய தெருக்கதவும் உட்பக்கம் பூட்டியிருந்தது. ஓடிவந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். துருவேறிய தாழ்ப்பாளில் அவள் போட்ட போட்டில் தெருக்கோடி வரைக்கும் அத்தனை நாயும் குரைத்தது.

தரையில் அனலாய்க் கிடந்தான். வாரியெடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஆளனுப்பியதும் பக்கத்துத் தெரு டாக்டர் வந்து ஊசி போட்டு, மருந்து எழுதிக் கொடுத்துப் போனார். மெல்லக் கண்ணைத் திறந்தான்.

“அன்னிக்கு எவ்வளவு தட்டினேன்… நீங்க தாழ்ப்பாளைப் போட்டுட்டீங்களே அண்ணி…”

அவள் அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள்.

“போட்டது நான்டா.”

திறந்த நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் கையில் கோர்ட் பையோடு தையல்காரர் நின்றிருந்தார். திட்டத்தான் வாயைத் திறந்திருந்தார், வந்தது வேறு. “அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. உதறிட்டுப் போட்டேன்.”

கொழுந்தன் அண்ணியின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். அவளும் அவன் தலையைக் கட்டிக்கொண்டு, அத்தனை காலம் அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள்.

“கேஸை வாபஸ் வாங்கிடறேண்ணா.”

“வாங்கறதுக்கும் ஜட்ஜ் வேணுமேடா. இருந்தவரை மாத்திட்டாங்க. புது ஆள் எப்ப வருவாரோ… அதுவரைக்கும் வாய்தாவுக்குப் போய்த்தான் ஆகணும்.”

“சேர்ந்தே போவோம்.”

தையல்காரர் தலையாட்டினாரே தவிர, நிலைப்படியைத் தாண்டவில்லை.

“இன்னும் ஏங்க அங்கயே நிக்கிறீங்க?” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மருந்துச் சீட்டை நீட்டினாள். “இந்தப் பக்கமா வந்து, அவன் வாசல் வழியாப் போங்க. மருந்துக் கடை அங்கேருந்து கிட்ட.”

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.